பீரோக் கதவில் எட்டாவது கோடு

எனக்கு ஏழு வயது நடந்தபோது மர்பி டவுனில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு ஒரு மரப்பீரோ வந்தது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களைச் சர்ச்சில் சேர்த்துவைத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் துணியை எலி கடித்துக்கொண்டிருந்ததால் எங்களுக்குப் பீரோ. சர்ச்சுக்கு வராமல் வெள்ளைக்காரர் பங்களாவிலேயே கிடந்த அதை, கொத்தனாரான அப்பா தானே போய்த் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்.

கதவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. உட்பக்கம் பென்சில் கோடுகள். பக்கத்தில் மூன்றிலிருந்து எட்டு வரை எண்கள். பிறந்தநாள்தோறும் ஒரு குழந்தையை நிற்கவைத்து உயரம் குறித்திருக்கிறார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. எட்டுக்கு மேலே வெறும் மரம்.

“அந்தப் பாப்பா எங்கப்பா?” என்று கேட்டேன்.

“சீமைக்குப் போயிடுச்சு,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எதற்கும் கேலி பேசுகிறவர், அன்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மற்ற கோடுகள் மங்கின, எட்டாவது வயதுக் கோடு போகவில்லை. சாயங்காலமானால் கதவு தானாக ஒரு சாண் திறந்துகொள்ளும். உள்ளே யாரோ முதுகை நிமிர்த்தி நிற்பதுபோல் எனக்குத் தோன்றும். அந்தக் கோட்டுக்கு நான் மூன்று விரல் குறைவு. அந்தப் பாப்பா எட்டோடு செத்திருக்கும், அதைத் தாண்டினால் நானும் செத்துப்போவேன் என்று முடிவே கட்டிவிட்டேன். வளரக் கூடாதென்று சோற்றைக் குறைத்தேன்.

அம்மா உலுக்கிக் கேட்டபோது அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். “திருப்பிக் குடுத்துடலாங்க,” என்றாள் அப்பாவிடம்.

“பேய்க்குப் பயந்து குடுத்துட்டா, எலிக்கு யாரு பதில் சொல்றது?” என்று அப்பா சிரித்தார்.

மறுநாளே நான்கு செங்கல் கொண்டுவந்து பீரோக் கால்களுக்கு அடியில் வைத்தார். கரையான் ஏறுமாம். எங்கள் வீட்டுத் தரையோ கருங்கல். அளந்து பார்த்தேன், கோடு என் தலைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அறிவுக்கொழுந்தான நான், வளர்வது நின்றுவிட்டதாக நினைத்து வயிறாரச் சாப்பிட்டேன். பாவாடை மட்டும் குட்டையாகிக்கொண்டே போனது. துணி சுருங்குகிறது என்றாள் அம்மா. அடுத்த வருஷம் இன்னொரு வரிசை செங்கல் ஏறியது. கதவு திறந்துகொள்வது மட்டும் நிற்கவில்லை.

என் ஒன்பதாவது பிறந்தநாளன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. அம்மா கடப்பாரையால் நெம்ப, செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். பிறகு என்னைக் கதவோடு ஒட்டி நிற்கவைத்தார். எட்டாவது கோடு என் நெற்றிக்கு நேராக இருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் தலைக்கு மேலே கோடு போட்டு ஒன்பது என்று எழுதினார். கோடு கோணலாக விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து என் கால்களைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

செங்கல் காலில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். “ரொம்ப வலிக்குதாப்பா?”

“இல்ல கண்ணு, நீ எட்டைத் தாண்டிட்ட. வலி போயிடுச்சு,” என்றார்.

நான் நம்பவில்லை. குனிந்து, அவர் கால் விரல்களில் ரத்தம் வருகிறதா என்று தேடினேன்.