எட்டாம் அளவு எழுத்து

எட்டு என்ற இலக்கத்தின் மீது எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது. இலக்கம் ஒரு பாவமும் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிலையத்தில் நான் வேலை செய்த காலம் முழுக்க அந்த எட்டுத்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்று வழிமறித்தது. கொம்பியூட்டர் திரையில் எழுத்தின் அளவு எட்டு.

சுற்றுவட்டாரத்துப் பாமசிகள் பலவும் எங்களிடம்தான் மருந்து எடுத்தன. எந்த மருந்தில் எத்தனை பெட்டி இருக்கிறது, எது எந்த மாதத்தோடு காலாவதியாகிறது என்பதெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தது. யாராவது மருந்து கேட்டால் நான் குவெரி எழுதுவேன். அது பெரிய வித்தையில்லை. இந்த மருந்து, இந்த மாதத்துக்குப் பிந்திய திகதி, கையிருப்பில் உள்ளது மட்டும் என்று கொம்பியூட்டரிடம் கேட்பது, அவ்வளவுதான். பதில் கட்டம் கட்டமாகத் திரையில் வரும். அதிலிருந்து தொகுதி இலக்கத்தைப் பார்த்து ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் பின்வளவு ஸ்டோரிலிருந்து சரியான பெட்டி வந்து சேரும்.

சிக்கல் அந்தக் கட்டங்களுக்குள் இருந்தது. சின்ன மொனிட்டர். அதில் எட்டாம் அளவு எழுத்தில் மூன்றாம் மாதமும் எட்டாம் மாதமும் எனக்கு ஒரே எறும்பாகத்தான் தெரிந்தன. மூக்குத் திரையைத் தொடுமளவு குனிந்தால் பிரித்தறியலாம். நான்கு பேர் பார்க்கும் கவுன்டரில் ஒரு குமர்ப்பிள்ளை அப்படிக் குனிந்து எத்தனை தரம் பார்ப்பது?

எனக்குக் கிட்டப்பார்வை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கண் டொக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடி இருந்தது. அது என் கைப்பையின் உள்பையில், கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. வீட்டுக்குள் போடலாம். படலையைத் தாண்டினால் கழற்றிவிட வேண்டும். அது உம்மாவின் சட்டம்.

"கண்ணாடிக்காரியெண்டு பேர் விழுந்தா ஆருடி எடுப்பான்? நிக்காஹ் முடியட்டும். மறுகா ஒண்டுக்கு ரெண்டு கண்ணாடி போடு, நான் ஏனெண்டு கேக்கமாட்டன்."

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த காசில் எனக்கும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வீடு நாங்கள் கொடுக்க வேண்டும். கட்டிலும் அலுமாரியும் நாங்கள் கொடுக்க வேண்டும். அதற்குள் இருக்கப்போகிறவளுக்கு மட்டும் கண்ணில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, குவெரியின் பதில் வரும் கட்டத்துக்கு ஃபொன்ட் மாற்றலாம் என்று கண்டுபிடித்தேன். அளவைப் பதினாறாக்கினேன். தட்டச்சு எழுத்து மாதிரி, இலக்கங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் தள்ளித் தள்ளி நிற்கும் ஒரு ஃபொன்டைத் தேடிப் போட்டேன். எழுத்துப் பெருத்ததும் கட்டம் போதாமல் போயிற்று. எனக்குத் தேவையில்லாத விலை நிரலை மறைத்து, திகதி நிரலை அகட்டினேன். மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் வந்து நின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன். வெளியுலகத்தில் என் முகத்தைச் சுருக்காமல் நான் வாசித்த முதல் எழுத்து அதுவாகத்தான் இருக்கும். சந்தோசத்தில் தேவையே இல்லாமல் நாலைந்து குவெரி ஓட்டிப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் எல்லாம் மறுபடி எட்டு.

மாற்றியவர் மனேஜர். முதலாளியின் மருமகன், கொழும்பில் கொம்பியூட்டர் படித்தவர், அதை நாளுக்கு நாலு தரம் ஞாபகப்படுத்துகிறவர்.

"என்ன தங்கச்சி இது, முதலாம் ஆண்டுப் புள்ளைகள்ட புத்தகமா? கொழும்பில எல்லாரும் எட்டுலதான் வேல செய்யிற."

"எனக்கு வாசிக்க லேசா இரிக்கி சேர்."

"லேசா வேல செய்யவா சம்பளம் தாற? எல்லா நிரலும் ஒரே பார்வையில தெரியணும். மாமா வந்து பார்த்தா என்ன நினைப்பார்?"

மாமா, அதாவது முதலாளி, மொனிட்டர் பக்கமே வருவதில்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்ல வாய் இல்லை. எனக்குப் பார்வை குறைவு என்று ஒரு வார்த்தை சொன்னால் விசயம் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சொல்லக் கூடாது. மனேஜரின் காதில் விழுவது பின்னேரத்து அசர் தொழுகைக்கு முன்னால் பக்கத்து ஊரான நிந்தவூர்வரை போய்ச் சேர்ந்துவிடும். அவரும் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய்யாவது சொல்லியிருப்பேன்.

அப்படியே ஒரு சண்டை தொடங்கியது. அவர் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனதும் பதினாறு. திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் எட்டு. இடையில் கரண்ட் போனால் நான் சேமிக்காத மாற்றமெல்லாம் போய்விடும், கரண்ட் வரும்போது எட்டும் கூடவே வந்துவிடும். அவர் இருக்கும் நேரங்களில், திரையை நம்ப முடியாமல், ஏதாவது சாட்டுச் சொல்லிப் பின்வளவு ஸ்டோருக்கு ஓடுவேன். அலுமாரிகளுக்கு நடுவே நின்று கண்ணாடியைப் போட்டு, மேல்தட்டுப் பெட்டிகளில் அச்சிட்ட திகதியை வாசித்துவிட்டுக் கழற்றிக்கொண்டு வருவேன். களவெடுக்கிறவளைப் போல. என் கண்ணை நானே களவெடுத்தேன் என்றால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். படம் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார்கள். உம்மா அதைப் பக்கத்து வீட்டு மாமிக்குக் காட்டிய அழகை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"பாருங்களன், கண்ணாடியெல்லாம் போட்டு, முகத்திலயே படிப்புத் தெரியிது."

தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி. என்னுடையதைவிடத் தடிப்பு. அவர் போட்டால் படிப்பு, நான் போட்டால் ஊனம். பக்கத்து வீட்டு மாமியும் ஓம் ஓம் என்று தலையாட்டினா. அந்தப் படத்தை வாங்கிக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை, தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

சில நாட்களில், மாப்பிள்ளையின் தாய் கடைக்கு வந்து என்னைப் பார்க்கப்போகிறா என்று செய்தி வந்தது. வீட்டில் அலங்கரித்து வைத்துப் பார்ப்பதைவிட வேலை செய்யுமிடத்தில் பார்த்தால் உண்மை தெரியுமாம். உம்மா அவ வரும் நாள் விடிய வெள்ளெனவே என் முகத்தைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினா.

"கண்ணச் சுருக்காத. கேட்டதுக்குச் சிரிச்சுப் பதில் சொல்லு. அவ்வளவுதான்."

அவ வந்தா. படத்தில் இருந்தவரின் அதே நாடி, அதே நெற்றி. கையில் பிரஷர் குளிசைத் தகடு ஒன்று, முடியப்போகிற தகடு.

"இந்தக் குளிசை இரிக்கா மகள்? எனக்குத்தான்."

நாங்கள் சில்லறைக்கு விற்பதில்லை. ஆனால் மனேஜர் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர். அவவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, எனக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். "சுறுக்காப் பார்த்துச் சொல்லுங்க தங்கச்சி."

குவெரியை ஓட்டினேன். அந்தக் குளிசை இரண்டு தொகுதியாக இருந்தது. ஒன்று காலாவதியாகப்போவது, மற்றது புதிது. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் எட்டாம் அளவு எறும்புகள். என் கை தானாக மவுஸைப் பிடித்து ஃபொன்ட் மெனுவுக்குப் போயிற்று.

"அதத் தொடாதிங்க," என்றார் மனேஜர். "மறுகா நான்தான் திருப்பி வெக்கணும்."

ஸ்டோருக்கு ஓடவும் வழியில்லை, அவர் பாதையில் நின்றார். குத்துமதிப்பாக ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கலாம். முன்னால் இருந்தது என் மாமியாராக வரப்போகிறவ, அவவுக்குப் பிரஷர். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. கைப்பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது வரிதான் புதியது. இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.

அவ குளிசையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தா.

"எப்பயிலிருந்து மகள் கண்ணாடி?"

"பத்தாம் ஆண்டிலிருந்து மாமி."

"எங்கட மகனும் போடுற. படிச்சுப் படிச்சு வந்தது," என்றா, பெருமையோடு. பிறகு குளிசையை வாங்கிக்கொண்டு போனா.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, சம்பந்தம் பேசியவ வீட்டுக்கு வந்தா. பிள்ளை தங்கமான பிள்ளையாம், குறை சொல்ல ஒன்றுமில்லையாம், ஆனால் கண் இப்படியென்றால் நாளைக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் வந்துவிடுமாம். தகப்பனின் கண்ணிலிருந்து வராதா என்று நான் சத்தமாகவே கேட்டேன். உம்மா என்னை உள்ளே தள்ளினா.

"ஒரு நிமிசம் பொறுத்திருந்தா என்னடி?"

"குளிசை மாறியிருந்தா உம்மா?"

"மாறினா அது அவங்கட நசீபு, தலையெழுத்து!"

சொல்லிவிட்டு உம்மா அழுதா. நான் அழவில்லை. எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அழுகை போதாது.

மறுநாள் படலையைக் கண்ணாடியோடுதான் தாண்டினேன். கடைக்குப் போய் முதல் வேலையாக ஃபொன்டைப் பதினாறாக்கி, எல்லாக் குவெரிக்கும் அதுவே நிற்கும்படி அமைத்துச் சேமித்தேன். மனேஜர் வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பதான் கண்ணாடி போட்டாச்சே. மறுகா எதுக்கு?"

"அது இப்படியே இரிக்கட்டும் சேர். இதில ஆரும் கை வெச்சா நான் நாளைக்கு வரமாட்டன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். பிறகு அந்த எழுத்தை அவர் தொடவில்லை. தேவைக்காகத்தான் அதைப் பெரிதாக்கினேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். தேவை முடிந்த பிறகும் அதைச் சின்னதாக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய நேரம், புதுக் கலியாணப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் இருந்தது. மாமியாருக்குப் பிரஷர் குளிசை வேண்டுமென்று அவள் நீட்டிய, அதே குளிசைத் தகட்டைப் பார்த்ததும் எனக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

நல்ல வடிவான பெண். பெரிய கண்கள். ஸ்டோரிலிருந்து வந்த குளிசையைக் கையில் கொடுத்தேன். அவள் திகதி பார்க்க அந்தத் தகட்டை மூக்கடிவரை கொண்டுபோனாள். அந்தக் குனிதல் எனக்குத் தெரியும். அதை எத்தனை வருடம் பழகியிருக்கிறேன்.

மொனிட்டரை அவள் பக்கம் திருப்பினேன். எழுத்தை இருபத்துநாலாக்கினேன். இருந்த இடத்திலிருந்தே மாதத்தையும் வருடத்தையும் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் என் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"ஒருக்காப் போட்டுப் பாருங்க."

கை பாதி தூரம் வந்தது. பிறகு வெளியே திரும்பிப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் ராத்தா. அவருக்கு இன்னம் தெரியா."

நிக்காஹ் முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு கண்ணாடி போடலாம் என்றுதானே எல்லா உம்மாமாரும் சொன்னார்கள்.

அவள் குளிசையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் இப்போது மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன, மூன்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் கண்ணைச் சுருக்காமல், முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அதில் ஒன்று ஹோன் அடிக்கும்வரை படியிலேயே நின்றாள்.