பன்னிரண்டு பேர் சாப்பிடும் மேசை

தேன்மெழுகு வாசம் எங்கேயிருந்தாவது மூக்கில் ஏறினால், வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் எனக்கு ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். எட்டு வயதில் ஒரு மழைக்காலம் முழுவதும், அது முடிந்து காப்பிப் பழம் பறிக்கிற தை மாதம் வரைக்கும், நான் அந்த வாசத்துக்கு அடியில்தான் குடியிருந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு மேசைக்கு அடியில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், பாடம் எழுதினேன்.

அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். எங்களுக்குக் கொடுத்திருந்தது "லைன் ஊடு". ஒரே வரிசையில் பத்து வீடு, வீட்டுக்கு ஒரு அறை, முன்னால் அடுப்பு வைக்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அதில் அப்பா, அம்மா, நான், தம்பி, பின்பக்கம் சாக்கு தொங்கவிட்ட கொட்டகையில் செவலை என்கிற எங்கள் மாடு. அக்காவுக்குக் கல்யாணமாகி அவள் அடிவாரத்துப் பக்கம் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மட்டும் போகாமல் எங்களோடு இருந்தது.

கடன் கொடுத்தவர் மஞ்சக்குட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன், அதட்டிக் கேட்க மாட்டார். "தை கடைசிக்குள்ள முடிச்சிருங்க. முடியலீன்னா செவலையை ஓட்டியாந்து நம்ம ஊட்டுல கட்டிருங்க, கணக்கு நேராப் போயிரும்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் அவர் எங்கள் பக்கம் வந்தால் எங்களை விசாரிப்பதற்கு முன்னால் மாட்டைத்தான் விசாரிப்பார். "நல்லாத் தின்னுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே முதுகைத் தடவுவார். செவலையும் வெட்கமில்லாமல் அவர் கையை நக்கும். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அம்மா அந்தக் கடனை அடைப்பதற்காகக் காப்பிக்கு வெல்லம் போடுவதை நிறுத்தினாள், தலைக்கு எண்ணெய் வைப்பதை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று ஆக்கினாள், மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். அந்தச் சமயத்தில் எஸ்டேட் பங்களாவில் இருந்த துரை தன் ஊருக்கே திரும்பிப் போகிறார், சாமானெல்லாம் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று லைன் முழுக்கப் பேச்சு. குளிர் வரப்போகிறதே என்று, இரண்டு கம்பளி மட்டும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அம்மா டப்பாவை அப்பா கையில் கொடுத்தாள். மிச்சத்தைக் கொண்டு வந்து மறுபடி பானையில் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சாயங்காலம் நாங்கள் பார்த்தது தேர் வருகிற மாதிரி இருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆறு ஆள் சேர்ந்து ஒரு பெரிய பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பின்னால் லைன் பிள்ளைகள் எல்லாம் ஓடி வருகிறார்கள், முன்னால் அப்பா யானைக்கால் தண்டிக்கு ஒரு மரக்காலைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறார். பங்களாவில் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை அது.

"ஏனுங்க, கம்பளி எங்கீங்க?" என்றாள் அம்மா.

"கம்பளி கெடக்குது புள்ள. இதைப் பாரு, தேக்கு. சேலத்துல இதுக்கு மூணு பங்கு வெல. கொண்டுபோயி வித்துப்போட்டா கடன் ஒரே நாள்ல முடிஞ்சுது."

அம்மா டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. "நாலு காலுல நிக்கிற பொருளுதான் வேணும்னா இன்னொரு மாட்டை வாங்கியிருக்கலாமுங்க, சாணியாவது போடும்" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அத்தை விடுவாளா. "மச்சான், மேசை வந்துருச்சு, பங்களாவை எப்பங்க தூக்கியாறீங்க?" என்றாள். தூக்கி வந்த ஆட்கள் சிரித்த சிரிப்பில் மேசையே கீழே விழப் பார்த்தது.

அதன் நாலு காலும் மரை வைத்துத் திருகுகிற கால்கள். காலோடு எங்கள் வாசலில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது. கழற்றிய பலகையை ஒருக்களித்து உள்ளே கொண்டுபோய், பிறகு கால்களைத் திருகி நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, வீட்டில் மேசை இல்லை, மேசையைச் சுற்றித்தான் கொஞ்சம் வீடு இருக்கிறது என்று. அம்மா சுவரோடு சுவராக நண்டு மாதிரி நடந்து அடுப்படிக்குப் போவாள். கேழ்வரகு மூட்டையும் அப்பாவும் மேசைக்கு மேலே படுத்தார்கள், நாங்கள் மூன்று பேரும் அடியில் படுத்தோம். ஓடு ஒழுகினால் சொட்டு அப்பா மேல்தான் விழும். "வாங்குனவரு நனையட்டும் உடு" என்று அம்மா போர்வையை இழுத்துக்கொள்வாள்.

மேசை விற்கவில்லை. லைனில் இருப்பவர்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், யாருக்கு எதற்கு மேசை? சேலத்துக்கு ஏற்றிப் போகலாமென்றால், மலை இறக்குகிற லாரிக்காரர் கேட்ட வாடகையில் லாபம் முழுக்கக் கரைந்துவிடும். அப்பா கொஞ்ச நாள் வீறாப்பாகத்தான் இருந்தார், பங்களாவில் கூடவே கொடுத்த தேன்மெழுகை எடுத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து மேசையைப் பளபளவென்று வைத்திருந்தார். ஒரு நாள் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே அதன் மேல் தலையைச் சாய்த்து, "கம்பளியே வாங்கியிருக்கலாம் புள்ள, புத்தி கெட்டுப் போச்சு" என்றார். நான் அடியில் இருந்து கேட்டேன். அன்றைக்கு அப்புறம் மேசையைப் பற்றிக் கேலி பேசுவதை அம்மா நிறுத்திவிட்டாள், அப்பா காப்பியில் கொஞ்சம் வெல்லமும் விழுந்தது.

பெரியவர்களுக்குத்தான் அது நட்டம். எங்களுக்கு அது பஸ். மழைக்கு வெளியே போக முடியாத நாளெல்லாம் லைன் பிள்ளைகள் அத்தனை பேரும் மேசை மேல் ஏறி உட்காருவார்கள், தம்பி ஈயத் தட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவர், சேலத்துக்கு ரைட் என்றதும் பஸ் கிளம்பும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் தம்பி தட்டைத் திருப்ப, எல்லோரும் மொத்தமாக இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் சாய்வார்கள். யாராவது ஒருத்திக்கு வாந்தி வர வேண்டும், அது தினம் ஒருத்தியுடைய முறை. அடிவாரம் வந்ததும் இறங்கி, ஒன்றும் இல்லாத டம்ளரில் டீ குடிப்பார்கள். நான் மட்டும் மேலே ஏற மாட்டேன். எனக்கு நாலு பேர் இருக்கிற இடம் என்றாலே கூச்சம், ஆள் வந்தால் ஓடி ஒளிகிற பிள்ளை. நான் அடியில் இருந்து உர்ர் என்று என்ஜின் சத்தம் போடுவேன். அது எனக்குப் போதும்.

அடியில் இருந்தால் உலகமே வேறு மாதிரி. வருகிறவர்களைப் பாதத்தை வைத்தே கண்டுபிடிப்பேன்: பித்தவெடிப்பு என்றால் பாப்பாத்தி அத்தை, டயர் செருப்பு என்றால் மஞ்சக்குட்டைக் கடைக்காரர். தலைக்கு மேலே பலகையின் அடிப்பக்கத்தில் கரித்துண்டால் செவலையை வரைந்திருந்தேன், பெரிய கொம்பு, பெரிய கண்ணு. என் பெயரையும் எழுதினேன். யார் கண்ணிலும் படாமல் நான் அங்கே அவ்வளவு பெரிய ஆளாக இருந்தேன்.

தை பிறந்ததும், ஏற்காடு பஜாரில் புதிதாக லாட்ஜ் கட்டுகிற ஒருத்தர் கேள்விப்பட்டு வந்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கடன் அடைந்து கொஞ்சம் மிச்சமும் ஆகிற விலை சொன்னார். "வெள்ளிக்கிழமை ஜீப்போட வாறேனுங்க" என்றார். அவர் போனதும் அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டு, "நல்ல வேளை வெயில் வந்துருச்சு. ஈரத்துல மரம் ஊதிக்கிட்டா காலு கழலவே கழலாது" என்றார்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மேசை போனால்தான் மாடு இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. கடனை அம்மா எப்படியாவது அடைத்துவிடுவாள், மேசையும் இருக்கும், செவலையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அப்பாவும் பழம் பறிக்கப் போனதும், சாக்குத் துணியைத் தண்ணீரில் முக்கி, நாலு காலும் பலகையோடு சேருகிற இடத்தில் சுற்றி வைப்பேன். அவர்கள் வருவதற்கு முன்னால் எடுத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது, நாலு ஆள் வந்தார்கள். நான் அடியில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டேன். ஒரு காலைப் பிடித்து இரண்டு பேர் திருகினார்கள், அசையவில்லை. துணி சுற்றித் திருகினார்கள். அப்பா தன் பங்குக்குத் தொங்கினார். லாட்ஜ்காரர் பாதம் முன்னும் பின்னும் நடந்தது. "காலை அறுத்துத்தான் எடுக்கோணும். அறுத்தா எனக்கு அது வெறும் பலகைங்க, பாதி வெலதான் தர முடியும்" என்றார்.

பாதி விலை கடனுக்குக் காணாது. பிறகு மிஞ்சி போட்ட பாதம் இரண்டும் மெதுவாகத் திரும்பிப் பின்பக்கம், கொட்டகைப் பக்கம் நடந்தன. "செவலை" என்று அம்மா கூப்பிட்டாள். மாடு தலையை ஆட்டிய மணிச் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

வெளியே வர வேண்டும், வந்தால் அத்தனை ஆம்பளைகள். ஒளித்து வைத்திருந்த சாக்குத் துணியை எடுத்துக்கொண்டு, தவழ்ந்து வெளியே வந்து, ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கம் போய், ஈரம் சொட்டுகிற துணியை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா துணியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, மேசைக்கு நீயா தண்ணி உட்டே?"

தலையை ஆட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வாசலில் இருந்து லாட்ஜ்காரர் குரல்தான் கேட்டது. "ஏனுங்க, உங்க பாப்பா மேசைக்குத் தண்ணி ஊத்தி வளத்தியிருக்குதுங்க. இன்னும் ரெண்டு வாரம் உட்டிருந்தா தளுத்திருக்குமுங்க." அப்பா முதலில் சிரித்தார். பிறகு ஆட்கள் சிரித்தார்கள். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், குட்டிய கையாலேயே தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். மழை ஈரம் இல்லை, பிள்ளை வைத்த ஈரம்தான், உலர்ந்தால் கழன்றுவிடும் என்று ஆனதும் லாட்ஜ்காரர் மூன்று நாள் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாள் மாதிரி ஒரு திருவிழா எங்கள் லைனில் நடந்ததில்லை. மரம் கருகிவிடாமல் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு தகரத்தில் தணல். தணலுக்குக் கரி வீடு வீடாக வந்தது, கரியோடு ஆட்களும் வந்தார்கள். குளிருக்கு இதமாகச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பலாக்கொட்டையும் சுட்டுத் தின்றுகொண்டு ஒரே பேச்சு. "பாப்பா, எங்கூட்டு மொளகாச் செடி வாடிக் கெடக்குது சாமி, வந்து தண்ணி ஊத்து, உங்கை ராசி" என்று பாப்பாத்தி அத்தை என்னை விரட்டுவாள். எனக்கு வெட்கம் பிடுங்கும், ஆனாலும் அந்தக் கூட்டத்தை விட்டு நான் ஓடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா திருகியபோது, முதல் கால் ஒரு முனகு முனகிக்கொண்டு சுழன்றது. லைனே கை தட்டியது.

மேசை போயிற்று. கடைக்காரர் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு, செவலையைக் கடைசியாக ஒரு முறை தடவி, "நல்ல மாடுங்க" என்று பெருமூச்சு விட்டுப் போனார். மிச்சத்தில் ஒரு கம்பளிதான் வாங்க முடிந்தது. அம்மா அன்றைக்கு வெறும் தரையில் கையையும் காலையும் நீட்டிப் படுத்துக்கொண்டு, "அப்பாடி, ஊடு எத்தன பெருசு" என்று சொன்னாள். நானும் தம்பியும் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினோம்.

போன மாதம் என் மகன், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்போது, இரண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் ஒன்றைத் தவணையில் வாங்கி வந்து இறக்கினான். இந்த மலைக் குளிரில் அதற்குள்ளே வைப்பதற்கு எங்களிடம் தயிர்க் கிண்ணம்தான் இருந்தது. மருமகள் முகத்தில் என் அம்மா முகத்தைப் பார்த்தேன். "காலு கழட்டுற பொருளா இருந்தாச் சொல்லு கண்ணு, நான் தண்ணி ஊத்த மாட்டேன்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, மறுநாள் எங்கள் தெருவில் இருக்கிற இரண்டு வரிசை வீட்டுக்கும் சேர்த்து மாவு ஆட்டி அதற்குள் வைத்தாள். இப்போது அதற்குள்ளே இடம் போதவில்லை.

அந்த மேசையை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். என் மகள் நிச்சயதார்த்தம் அந்த லாட்ஜில்தான் நடந்தது. அதே மேசையில் சம்பந்தி வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்க, எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படிக் குனிவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் கரண்டியைக் கீழே போட்டேன். எடுக்கிற மாதிரி குனிந்து அண்ணாந்து பார்த்தால், செவலை இருந்தது, ஒரு கொம்பு மட்டும் மங்கிப்போய். பக்கத்தில் கோணல்மாணலாக என் பெயர்.

பழைய லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். லாட்ஜும் இல்லை, அந்த இடத்தில் கண்ணாடி வைத்த பெரிய கட்டடம் நிற்கிறது. சாமான்களையெல்லாம் யாரோ லாரியில் ஏற்றிப் போனார்களாம், எங்கே என்று கேட்டதற்கு ஒருத்தருக்கும் தெரியவில்லை. தேக்கு, அவ்வளவு சீக்கிரம் போகாது. எந்த ஊரிலோ பன்னிரண்டு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து இப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருத்தர் ஒரு தடவை கரண்டியைக் கீழே போட்டால் போதும்.