கனிமப் படத்தில் ஒரு மூக்குத்தி

காலை ஏழு பத்துக்கு வகுப்பறைக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது தரையில் கிடந்த நிலக்கரித் துண்டு. அதன் மேல் ஒரு நாலணா. பக்கத்தில் செம்புக் கம்பி, துருப்பிடித்த ஆணி, ஒரு பொட்டலம் உப்பு. முந்தின நாள் மாலை உலக வரைபடத்தில் ஒட்டிய கனிமங்கள் எல்லாம் அண்டார்க்டிகாவைத் தாண்டி இறங்கி, சுவரோரம் குவிந்து கிடந்தன. மைதாப் பசையைத் தேடி ஓர் எறும்பு வரிசை ஆஸ்திரேலியா வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது.

அது 1957 பிப்ரவரி. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து மூன்றாவது வருஷம். பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன்பு, புதுச்சேரியில் ஒரு பள்ளியில் நான் ஓவிய ஆசிரியராக இருந்தேன். அங்கே பூகோள வாத்தியார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சிலேயே பாடம் நடத்தி வந்தவர். ‘சார்’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘முசியே’, பள்ளியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அப்படிப்பட்டவர்களைத் தமிழில் ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். தேறினால் இங்கேயே நிரந்தரம். தேறாவிட்டால் யானாம், அங்கே ஓர் இடம் காலி. யானாமும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் ஆந்திராவில், கோதாவரிக் கரையில் இருந்தது. வாத்தியார் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். இருவருக்கும் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது.

அவருக்குக் கொடுத்த பாடம், உலகில் கனிமங்கள் கிடைக்கும் இடங்கள். பள்ளியில் இருந்த ஒரே கனிமப் படம் பாரிஸில் அச்சானது. பிரான்சும் அதற்குச் சொந்தமான நாடுகளும் அதில் இளஞ்சிவப்பு. அங்கெல்லாம் ஒரு கனிமம் விடாமல் குறித்திருந்தார்கள். இந்தியாவில் ஐந்து இளஞ்சிவப்புப் புள்ளிகள், மற்றபடி வெறும் காகிதம். புதுப் படம் கேட்டு எழுதியும் வரவில்லை. ஆகவே நிஜக் கனிமங்களையே ஒட்டிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நிலக்கரியை ரயில் என்ஜின் டிரைவர் ஒருவர் கொடுத்தார். மைக்கா என்கிற காக்காப்பொன்னைக் கெட்டுப்போன மின்சார இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றினோம். நாலணாக் காசு அப்போது சுத்தமான நிக்கல். தங்கத்துக்குத்தான் வழியில்லை. வாத்தியார் என்னையும் கூட்டிக்கொண்டு போய்த் தன் மனைவியிடம் மூக்குத்தியைக் கேட்டார்.

“எந்த ஊர்ல குத்தப் போறீங்க?”

“தென்னாப்பிரிக்கா. அங்கதான் தங்கம் அதிகம்.”

“என் மூக்குத்தி அவ்ளோ தூரம்லாம் போவாது. கிட்டக்க எங்கனா இருந்தா சொல்லுங்க.”

“கோலார் இருக்குது, மைசூர் பக்கம்.”

“அங்க வையுங்க. தம்பி, பாடம் முடிஞ்சதும் நீங்களே கழட்டிக் கொண்டாந்துடுங்க. இவுரு மறந்துடுவாரு.”

மூக்குத்தியைக் காலையில்தான் குத்துவதாக இருந்ததால் தரையில் விழுந்த குவியலில் அது இல்லை. மற்றவற்றை நூலில் கட்டிக் குண்டூசியால் மாட்டுவது என்று முடிவு செய்தோம். நான் ஸ்டூலில் ஏறி மாட்டினேன், அவர் கீழே நின்று இடம் சொன்னார். எனக்குப் பூகோளம் தெரியாது. அவருக்கோ பதற்றத்தில், சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசைதான் நாக்கில் வந்தது. நிலக்கரியா, டோங்கின். இரும்பா, லொரேன். உப்பும் லொரேன். காக்காப்பொன்னா, மடகாஸ்கர். செம்பு, மொராக்கோ. நிக்கல், நியூ கலிடோனியா. மூக்குத்தியை நான் கேட்காமலே கோலாரில் குத்தினேன்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில், பசங்கள் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, இருவரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். இளஞ்சிவப்பு நாடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. இந்தியாவில் ஒரு மூக்குத்தி. இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் கதர் ஜிப்பா போட்டிருந்தார். படத்தை நெருங்கி நின்று பார்த்தார்.

“ஏன் சார், சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகப்போகுது. நம்ம நாட்டுல மிச்சம் இருக்கிறது இந்த மூக்குத்திதானா?”

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

“மாட்டினது டிராயிங் வாத்தியாருங்க,” என்றார்.

அது உண்மைதான். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். வாத்தியார் பாடத்தைத் தொடங்க வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

“நிலக்கரி பீகார்ல கிடைக்குதுன்னு நேத்து சொன்னீங்களே முசியே?”

வாத்தியார் ஸ்டூலைப் படத்துக்குக் கீழே நகர்த்தினார்.

“தெரிஞ்சும் குந்திக்கினு இருக்கியே. வந்து எடுத்து மாட்டு.”

பிறகு அவர் எதுவும் நடத்த வேண்டியிருக்கவில்லை. செம்பும் காக்காப்பொன்னும் பீகாருக்குப் போயின. ஆணி சேலத்துக்கு வந்தது. மரக்காணம் உப்பளத்தில் மாமா வேலை செய்கிற ஒருவன் உப்புப் பொட்டலத்தை லொரேனிலிருந்து எடுத்து வந்து, புதுச்சேரிக்குச் சற்று மேலே குத்தினான். கால் மணி நேரத்தில் இளஞ்சிவப்பு நாடுகளில் நாலணா மட்டும் பாக்கி.

“நிக்கல் நம்மகிட்ட இல்லியா முசியே?”

“இருக்குதே, பாக்கெட்ல.”

இன்ஸ்பெக்டர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு தானே ஒரு கேள்வி கேட்டார். “உலகத்திலேயே தங்கம் அதிகமா கிடைக்கிறது எங்கே?”

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது: “கோலார்.”

வாத்தியார் திருத்தவில்லை. இன்ஸ்பெக்டரும் திருத்தவில்லை.

மணி அடித்ததும் மூக்குத்தியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

“இவுரு கத தேறிச்சா, கவுந்துச்சா தம்பி?”

“பசங்க தேறிட்டாங்க அண்ணி,” என்றேன்.

இன்ஸ்பெக்டரின் அறிக்கை பதினைந்து நாளில் வந்தது. படத்தில் தவறுகளை இருக்க விட்டு மாணவர்களையே திருத்த வைக்கும் முறை சிறப்பானது, பூகோள ஆசிரியரைப் புதுச்சேரியிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அடுத்த பத்தி என்னைப் பற்றியது: இப்படி யோசித்துப் படத்தை மாட்டிய ஓவிய ஆசிரியர் பூகோளமே நடத்தத் தகுந்தவர். வாத்தியார் அதைப் படித்துவிட்டு மாலையில் என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, நான் பொய் ஒண்ணும் சொல்லலியே?”

“இல்ல முசியே.”

யானாமில் காலியாக இருந்தது பூகோள ஆசிரியர் இடம். ஜூன் மாதம் நான் அதில் சேர்ந்தேன்.