குடும்பத்துக்குக் கூடாத விளையாட்டு

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், எங்கள் ஊர் சுருவிலில், கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவள் நான். அதனால் பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. தாய்மார் சினிமாப் படச் சீடியோடு வருவார்கள். "அக்கா, இது பிள்ளையளோடை இருந்து பாக்கலாமோ?" பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்வேன். கூடாது என்று சொன்னால் பிழைத்தாலும் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அந்த நாட்களில் பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் என் கணவர் மகளுக்கு ஒரு வீடியோ கேம் கொடுத்துவிட்டிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான், இரண்டு பற்றரியில் ஓடுவது. யப்பான் காட்டூன் கதை ஒன்றை வைத்துச் செய்ததாம். மகளுக்கு ஒன்பது வயது. அவர் வெளிநாடு போனபோது அவளுக்கு இரண்டு. "பிள்ளையோடை நீரும் பக்கத்திலை இருந்து பாரும்" என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

பெட்டியில் முட்டைக் கண்ணும் குட்டைப் பாவாடையுமாக ஒரு பெட்டை, தன்னைவிடப் பெரிய வாளோடு நின்றாள். எனக்கு அதுவே போதும். என்றாலும் நியாயமாக நடக்கவேண்டுமென்று, மகள் பள்ளிக்கூடம் போனபின் குசினிக் கதிரையில் இருந்து அதைப் போட்டுப் பார்த்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு வழி, புதிதாகத் தொடங்க ஒரு வழி காட்டியது. தீர்ப்புச் சொல்பவள் முதலிலிருந்து பார்க்கவேண்டாமா? புதிதாகத் தொடங்கினேன். பெயர் கேட்டது. கண்டபடி மூன்று எழுத்தை அமத்தினேன். வாள்காரி ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளை வெளியே கூட்டிக்கொண்டு போக, பச்சைப் பூதம் ஒன்று வந்து அடித்தது. செத்துப்போனாள். திரும்பவும் போனேன், திரும்பவும் செத்தாள். நாலாம் தரம் சோறு அடிப்பிடித்த மணம் வந்தது.

ஆத்திரத்தில் எல்லாப் பொத்தானையும் அமத்தினேன். அது ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. எனக்கு விளங்கவில்லை. ஆமிக்காரரின் சோதனைச்சாவடியில் விளங்காத மொழியில் என்ன கேட்டாலும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வரும் பழக்கம் எங்கள் எல்லாருக்கும் ஊறிப்போயிருந்தது. ஓம் என்பதை அமத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

அன்றைக்கே அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கேட்ட தாய்மாருக்கு, "உதுகள் பிள்ளையளுக்குப் பொய்யும் களவும்தான் பழக்கும்" என்று விளக்கமும் கொடுத்தேன். வாளும் பாவாடையும் வெறும் சாட்டு. காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவள் நான், பேன் பார்த்தவள் நான். ஒரு பெட்டியை அனுப்பிவிட்டு அவர் நல்ல பெயர் எடுப்பதா? எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து தொலைபேசிக் கடைக்குப் போய் நின்றால் அவர் அங்கே அழைப்பு எடுப்பார். இரண்டு கிழமை கழித்து, மகள் வெளியே நிற்க, என்னிடம் கேட்டார்.

"பிள்ளை கேமைத் திறந்து பாத்தவளே?"

"சோதினை முடியட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

"சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான். வேலைக்குப் போற ரெயினிலை இருந்து ரெண்டு மாசமா நான்தான் விளையாடினனான். அதிலை வாற மூண்டு பேருக்கும் எங்கடை பேர்தான் வைச்சிருக்கிறன். நீர் முன்னுக்குப் போறீர், பிள்ளை நடுவிலை, நான் பின்னாலை வாறன். மலை, ஆறெல்லாம் மூண்டு பேரும் ஒண்டா நடந்து தாண்டிட்டம். பிள்ளை அதைப் பாக்கட்டும்."

வரும் வழியில் அவர் சொன்னதையெல்லாம் மகளிடம் சொன்னேன்; வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்தேன். மகள் வாங்கிப் போட்டாள். வாசலில் வாள்காரி மட்டும் தனியே நின்றாள். தலைக்கு மேல் நான் கண்டபடி அமத்திய மூன்று எழுத்து. மகள் அங்குமிங்கும் அமத்தித் தேடினாள்.

"அம்மா, அப்பா விளையாடினது ஒண்டும் இல்லை. பழசை அழிக்கட்டோ எண்டு அது கேட்டிருக்கும், நீங்கள் ஓம் எண்டு அமத்தி அழிச்சுப்போட்டியள்."

அவரிடம் எப்படிச் சொல்வதென்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். ஒத்திகை கூடப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை முதலில் மகளிடம் கொடுக்கச் சொன்னார். தொலைபேசிக் கூட்டுக்குள் அவள் பக்கத்தில் நான் நின்றேன். அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"மூண்டு பேரையும் பாத்தனியே, பிள்ளை?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "ஓம் அப்பா, பாத்தனான். அம்மா முன்னுக்குப் போறா. நீங்கள் கடைசியா வாறியள்."

அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார். அவ்வளவு சந்தோசமாக அவர் சிரித்ததை நான் அதற்கு முன் அந்தத் தொலைபேசியில் கேட்டதில்லை. பிறகு என்னிடம் தந்தாள். நானும் ஓம் என்றேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வியில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை. மகள் முன்வாங்கில் இருந்தாள். பிள்ளைகளைப் பாட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு, மணி அடிக்கும்வரை புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நின்றேன்.