சாமித்தட்டில் இருந்த படைத்தலைவர்

பிள்ளைகளே, முருகனுக்குப் பக்கத்தில் இருந்த ஜப்பான்காரச் சாமியை ஏன் எடுத்தேன் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படத்தைத் தந்தவள் என்னோடு உணவகச் சமையலறையில் வேலை செய்த ஜப்பான்காரப் பெண். ஊருக்கே திரும்பிப் போகிறபோது, தங்கள் ஊர்க் கோயில் சாமி, வீட்டைக் காப்பார் என்று சொல்லிக் கையில் வைத்தாள். சாமிப் படம் என்றால் நாங்கள் வேறென்ன செய்வோம்? வீட்டுச் சாமித்தட்டில் ஏற்றி, சந்தனப் பொட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டினோம்.

பிறகு மகள், நீ பள்ளிக்கூடத்துக்காக ஜப்பானைப் பற்றிப் படித்துவிட்டு வந்து நின்றாய்.

"அப்பா, இவர் ஒரு வோர்லோர்ட், பழைய காலத்துப் படைத்தலைவர். செத்துக் கனகாலத்துக்குப் பிறகுதான் கோயில் கட்டிக் கும்பிட்டவை. மலையில இருந்த கோயிலுகளை எரிச்சவராம். உள்ளுக்கு ஆக்கள் இருக்கேக்கையே."

மகன், நீ விடவில்லை. "முருகனும் வேலோடதானே நிக்கிறார்?"

"அது சூரனோட சண்டை. இது சனத்தோட," என்றார் அம்மா. "இஞ்சேருங்கோ, எடுங்கோ அதை."

"பொட்டு வைச்ச படத்தை என்னெண்டு எடுக்கிறது?"

"அப்ப அவருக்கும் ரெண்டு மோதகம் அவிக்கட்டோ?"

நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அந்த 'உள்ளுக்கு ஆக்கள்' என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது.

உங்கள் வயதில், ஊரில் சண்டை நடந்தபோது, நானும் அண்ணனும் கோயிலுக்குள்தான் ஓடினோம். கோயிலுக்கு ஷெல் அடிக்கமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். நான் வெளியே வந்தேன். நீங்கள் படத்தில் மட்டும் கண்ட பெரியப்பா வரவில்லை.

அடிக்கச் சொன்னது யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் எங்கேயாவது, யாராவது மாலை போடுகிறார்களோ? இந்த எண்ணம் வந்ததிலிருந்து நித்திரை இல்லை. படம் தந்த பெண்ணையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவள் நல்லவள், நல்லது நினைத்துத்தான் தந்தாள்.

அடுத்த நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் படத்தை இறக்கினேன். குப்பையில் போட ஏலவில்லை. ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தேன். நெற்றியில் மஞ்சளாக ஒரு கறை நின்றுவிட்டது. பேப்பரில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பூசைக்குக் கழுவி வைத்திருந்த பூக்களில் அந்தப் படத்துக்கென்று இருந்த ஒன்று மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் படச் சட்டத்தில் செருகினேன்.