விரிசலுக்கு ஒரு திறப்பு விழா

சென்ற வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு விரிசலுக்குத் திறப்பு விழா நடந்தது. நம்புங்கள்... கைதட்டலோடு!

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் கட்டுமானப் பாடம் நடத்துகிறேன். 'ஆசிரியர்களும் ஆராய்ச்சி செய்ய வேண்டும்' என்று சுற்றறிக்கை வந்தது. லேப் கிடையாது. எதை ஆராய்வது?

என் வகுப்புக்கு வெளியே சுவரில் ஒரு விரிசல். கரிசல் மண் வெயிலில் சுருங்கும், ஈரத்தில் உப்பும். மேலே நிற்கிற சுவர் மட்டும் சும்மா இருக்குமா? கோடையில் விரிந்தது மழையில் தானாகச் சேருமா — இதுதான் என் கேள்வி. வருஷா வருஷம் யாராவது பூசிவிடுவதால் பதில் யாருக்கும் தெரியாது.

விரிசலின் இரு பக்கமும் பென்சில் புள்ளி வைத்து அளக்க ஆரம்பித்தேன். போனில் அம்மாவுக்குச் சந்தேகம்.

"ஏலே, நம்ம வீட்டுல மொத மொத காலேஜுக்குப் போனவன் நீ. செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கதுக்கா சம்பளம் தாராவ?"

அந்த நேரம் பார்த்து, கல்லூரியைப் பார்வையிட ஒரு கமிட்டி வருவதாகத் தகவல்.

"தம்பி, சுவரு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. நாளைக்கே பூசிருவோம்" என்றார் பிரின்சிபால்.

"பூசிட்டா இந்த வருஷமும் போச்சு சார். மழை வரைக்கும் விட்டுருங்க..."

"அவிய பாத்தா கட்டடமே விழப்போகுதும்பாவ!"

தையல் பிரிவு ஆசிரியை செல்வி அக்கா குறுக்கே வந்தார். "சண்ட எதுக்கு? ஒரு திரை தச்சு மூடிருவோம்."

தைத்தார். மிச்சமிருந்த சிவப்பு சாட்டின் துணி, ஓரத்தில் ஜரிகை, இழுக்க ஒரு குஞ்சம் வைத்த கயிறு... அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது!

சுவரில் சிவப்புத் திரையும் கயிறும் தொங்கினால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? கமிட்டித் தலைவி, "கல்வெட்டா? நான்தான் திறக்கணுமா?" என்று சிரித்தபடியே இழுத்துவிட்டார். மாணவர்கள் பழக்க தோஷத்தில் கைதட்டினார்கள்.

உள்ளே... விரிசல்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "இது... தம்பியோட ஆராய்ச்சி மேடம்."

விளக்கினேன். தலைவி குனிந்து புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, மழைக்குச் சேருமா?"

"தெரியல மேடம்."

"தெரியாமலா வருஷா வருஷம் பூசுனீங்க? ஆபத்து இல்லைன்னு ஒரு இன்ஜினியர்கிட்ட கேட்டுக்கிட்டு, அப்படியே விட்டு வைங்க."

யோசித்துப் பார்த்தால், சுவரில் மட்டுமா இப்படிப் பூசுகிறோம்?

இப்போது காலையில் எனக்கு முன்னால் பிரின்சிபால் ஸ்கேலோடு நிற்கிறார். "தம்பி, மேகம் ஏதும் தெரியுதா?"

திறந்து வைத்தாயிற்று. மூடி வைக்க மழைதான் வர வேண்டும்!