டப்பாவுக்கு இரண்டு எடை

நவம்பர் பிறந்துவிட்டால், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேக்கரியின் பின்கட்டில் பெண்களின் மணிக்கட்டில் ரப்பர் பேண்டு ஏறத் தொடங்கும். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஆய்கிற வேலை. உலர்திராட்சையில் காம்பு கிள்ள வேண்டும். பேரீச்சையில் கொட்டை எடுத்துப் பொடியாக நறுக்க வேண்டும். ஆய்ந்த பழத்தை, மூடி தொலைந்துபோன ஒரு பழைய நெய் டப்பாவில் நிரப்பிக் கொண்டுபோய்ப் பெரிய தட்டில் கொட்டினால், டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு. சாயங்காலம் கையில் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்குக் கூலி. மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்த அந்த ஏழெட்டுப் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி.

நான் முன்கடையில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து பில் போட்டேன். ஒரே பஸ்ஸில் வருவோம். கடை வாசலில் அம்மா பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவாள், நான் படியேறுவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிக்குப் போய் இயற்பியல் முடித்தேன். பில் போட இயற்பியல் எதற்கு என்று ஊரில் கேட்காத ஆளில்லை. 

போன வருஷம் முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு கடை திறக்க முடிவு செய்தார். கேக் போடும் மாஸ்டர் ஒருவர்தான். அவரிடம் எழுதிய அளவு எதுவும் இல்லை. இத்தனை டப்பா மைதா, இத்தனை டப்பா பழம் என்று கையும் கண்ணும்தான்.

"ஏம்மா, நீ படிச்ச பிள்ள. இந்த டப்பாவயெல்லாம் கிராமாக்கிக் குடு. அங்கயும் இதே ருசி வரணும்" என்றார் முதலாளி.

"டப்பாவ கிராமாக்கிரலாம். என் கைய என்ன செய்வீக? வெட்டிப் பார்சல் கட்டுவீகளா?" என்றார் மாஸ்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று வருஷம் படித்த படிப்பை யாரோ முதல் தடவையாகக் கேட்டு வாங்குகிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. எடை என்றால் எனக்கு ஒரு நம்பிக்கையும் உண்டு. அம்மா இளவட்டமாக நாற்று நடப் போன காலத்தில் நெல்லைத்தான் கூலியாக அளந்து போடுவார்களாம். அளக்கிறவன் படியின் தலையை முழங்கையால் வழித்துவிட்டுத்தான் முந்தானையில் கொட்டுவானாம். படியில் அளந்தால் அளக்கிறவன் கை பேசும், தராசில் வைத்தால் பொருள் மட்டும்தான் பேசும் என்று நான் நம்பியிருந்தேன்.

மின்தராசைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன். ஒருத்தி அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"மதினி, ஒம் மக நம்மளயும் தராசுல ஏத்திருவா போலிருக்கே."

"ஏத்தட்டும்ட்டி. நீ எம்புட்டுக் கனம்னு ஒம் புருசனுக்கும் தெரியட்டும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெருமையை அடக்கத் தெரியாத பார்வை.

மைதாவும் சர்க்கரையும் சிரமம் தரவில்லை. பழம்தான் பிடி கொடுக்கவில்லை. பாகிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறிய பிறகு நிறுத்தால் சாறும் சேர்ந்து நிற்கும் என்பதால், ஊறப்போடும் முன்பே நிறுத்தேன். அப்படியும் ஒரே டப்பா திராட்சை இரண்டு எடை காட்டியது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெண்கள் நிரப்பும்போது பழம் விரலிலிருந்து உதிர்ந்து விழுகிறது, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நடுவில் இடம் விட்டு நிற்கிறது. அந்த டப்பா ஆயிரத்து இருநூறு கிராம். மாஸ்டர் கேக்குக்கு எடுக்கும்போது டப்பாவை மேசையில் தட்டி, உள்ளங்கையால் அமுக்கி, மேலும் ஒரு பிடி போடுகிறார். அது ஆயிரத்து நானூறு. பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒரு டப்பாதான். அத்தனை வருஷமும் கூலி தளர்வாக நிரப்பிய டப்பாவிலும், கேக் அமுக்கி நிரப்பிய டப்பாவிலும் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் கேட்டதில்லை.

இதைக் கண்டுபிடித்தவள் நான் என்ற மிதப்பில் இரண்டு எடைகளையும் முதலாளியிடம் சொன்னேன். கேக்குக்கு மாஸ்டரின் அளவான ஆயிரத்து நானூறையே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். சத்தமாகப் பேசுகிற மனிதர் இல்லை அவர்.

"கேக்குக்கு ஆயிரத்து இருநூறே போதும்மா. கூலிக்கு ஆயிரத்து நானூறு வச்சிரு. இனிமே தராசுல ஆயிரத்து நானூறு காட்டுனாத்தான் ஒரு ரப்பர் பேண்டு."

"சார், டப்பா ஒண்ணுதான?"

"ஒண்ணுதான். நானா ரெண்டாக்குனேன்? ரெண்டும் நீ எடுத்த கணக்கு. பொய்யா எழுதச் சொல்றேன் ஒன்ன?"

இரண்டுமே மெய்தான்.

"நாளைக்கு அவங்ககிட்ட நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா சத்தம் போடுவாங்க. அவங்க வீட்டுப் பிள்ள சொன்னா கேட்டுக்கிடுவாங்க. புதுக்கடைக்குப் பொறுப்பான ஆளு வேணும். ஒன்னத்தான் நெனச்சு வச்சிருக்கேன்."

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். இனி ஏழு டப்பா ஆய்ந்தால் ஆறு டப்பாவுக்குத்தான் கூலி வரும் என்பதையும் விளக்கினேன். அவள் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த பேரீச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிரு தாயி" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"ஆறுன்னா ஆறு. என் விரலு என்ன தேஞ்சா போயிரும்? நீ அங்க போயி ஆபீஸ்ல உக்காரணும்."

"மத்தவங்க கூலி?"

"நீ சொல்லாட்டி இன்னொருத்தன் சொல்லுவான். கூலி எப்படியும் கொறையத்தான் போகுது. நீயும் எதுக்குட்டி கொறையணும்?"

வழித்த படியில் கூலி வாங்கியவளே இதைச் சொன்னாள் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் பின்கட்டுக்குப் போனேன். முதலாளி சொல்லச் சொன்னதைச் சொன்னேன். பிறகு, அவர் சொல்லச் சொல்லாததையும் சொன்னேன். "நீங்க நெரப்புற டப்பா ஆயிரத்து இருநூறு கிராம். கூலி பேசுனது இந்த டப்பாவுக்குத்தான். இதுக்கு மேல ஒரு பழம் வைக்காதீங்க. கேட்டா நான் நிறுத்துக் காட்டுறேன்."

கத்திகள் பலகையில் நின்றன. முன்பு கண்ணடித்தவள்தான் பேசினாள்.

"இத்தன வருசமா டப்பா டப்பாவாத்தான இருந்துச்சு. ஒன்ன யாரு அத நிறுக்கச் சொன்னது?"

"முதலாளி."

"அவரு சொன்னா? எதுக்குன்னு கேக்கணும்னு படிச்சவளுக்குத் தோணலயாக்கும்?"

அம்மா தலையைத் தூக்கவில்லை. மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். செத்த நேரத்தில் கத்திகள் மறுபடி ஓடத் தொடங்கின. அன்று மதியம் முதல் டப்பா தராசில் ஏறியபோது, நிரப்பியவள் அதைத் தானாகவே தரையில் இரண்டு தட்டுத் தட்டி, மேலே ஒரு பிடி அமுக்கிக் கொண்டுவந்தாள். என் அம்மாதான் அவள்.

நான் பின்கட்டில் பேசியது முதலாளி காதுக்குப் போனது, அந்த வாரத்தோடு என் வேலை முடிந்தது. முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் புதுக்கடைப் பொறுப்புக்கு வந்தார். தராசு பின்கட்டிலேயே தங்கிவிட்டது. நான் போட்ட கணக்கும் தங்கிவிட்டது, நான் மட்டும் வெளியே வந்தேன். கண்ணடித்தவள் வழியில் பார்த்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தராசைக் கொண்டுவந்தவள் நான்தானாம். எனக்கு அவள்மேல் கோபம் உண்டு. நான் நிறுத்ததில் ஒரு கிராம் தப்பில்லை. எதுக்குன்னு கேக்கலயா என்று என்னைக் கேட்டவள், அதே கேள்வியை முதலாளியிடம் கேட்கவில்லை.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். நாள் முழுக்க நிற்கிற வேலை. பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில்தான் அந்தப் புதுக்கடை. கண்ணாடிப் பெட்டியில் கேக்குகள் ஒன்றுபோல் அடுக்கியிருக்கும். கிராம் கணக்கு வேலை செய்கிறது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பழம் ஆய்ந்த பெண்களுக்கு ஆளுக்கொரு அரைக் கிலோ கேக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மா அதை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். என் வேலை போன பிறகு எங்களுக்குள் பேச்சு, சாப்பிட்டியா, தண்ணி வந்துச்சா என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டினாள். பழம் நறுக்கிப் பழகிய கை, துண்டுகள் ஒரே கனத்தில் விழுந்தன. ஒரு வாய் தின்றாள். துண்டைப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னட்டி இது, பழத்தக் காணோம்? அம்புட்டு நறுக்குனோமே."

"இப்ப டப்பாவுக்கு ஆயிரத்து இருநூறும்மா" என்றேன். "மாஸ்டர் முன்ன கையால போட்டது ஆயிரத்து நானூறு. ஏழு பழத்துக்கு ஒண்ணு கொறையும்."

ஏழுக்கு ஒன்று என்றதும் அவள் மெல்லுவது நின்றது. அந்தக் கணக்கை அவளுக்கு நான் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். 

"எனக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளினேன்.

அம்மா வற்புறுத்தவில்லை. என் துண்டையும் சேர்த்துத் தின்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மடியில் சிந்தியிருந்த துகளை விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.